மூச்சடக்கப் பயிற்சி ஈட்டி மீன்பிடியை உண்மையில் மேம்படுத்துமா?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். நான் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் வசிக்கிறேன். கோடையில் வேலையில்லாத காலைகளில் தெரசீனிப் பக்கத்துப் பாறைக்கரையில் ஈட்டித் துப்பாக்கியுடன் இறங்குவது என் வழக்கம். 8 முதல் 10 மீட்டர் வரை போய்விடுகிறேன்; ஆனால் அடியைத் தொட்ட சற்று நேரத்திலேயே நெஞ்சு தவிக்கத் தொடங்கி, துப்பாக்கியை நீட்டுவதற்குள் மேலே வரவேண்டியதாகிவிடுகிறது. மடவையும் சிறிய சராகோ மீனும் அவ்வப்போது கிடைக்கின்றன. தெந்திச்சே என்று இங்கே சொல்லும் பெரிய வேட்டைமீன் மட்டும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்று, ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

இங்குள்ள கழகம் ஒன்று குளிர்காலம் முழுவதும் நீச்சல் குளத்திலும், மே மாதத்தில் கடலிலுமாக மூச்சடக்கிச் சுழியோடும் வகுப்பு நடத்துகிறது. கட்டணம் என் வரவுக்குச் சற்று அதிகம். துறைமுகத்தில் பழக்கமான மீன்பிடிக்காரர்கள், அந்தக் காசுக்குக் காபன் கால்துடுப்பு வாங்கினால் ஆழம் தானாகவே கூடும் என்கிறார்கள். சாதனை செய்யும் ஆசை எனக்கு இல்லை. நல்ல மீன் வீட்டுக்கு வரவேண்டும், நானும் திரும்பி வரவேண்டும். வகுப்பில் சொல்லித் தருவதில் எவ்வளவு மீன்பிடிக்குப் பயன்படும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லிடுக்கு எழுதியது:

தம்பி, வகுப்புக்குப் போங்கள். காபன் கால்துடுப்பு எங்கும் ஓடிவிடாது.

ஈட்டி மீன்பிடியையும் மூச்சடக்கச் சுழியோட்டத்தையும் இரண்டு வேறு துறைகளாகப் பார்ப்பது பிற்காலத்து வழக்கம். நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும் என்று எச்சரித்தவர்களை மீறி 1949-இல் 30 மீட்டர் இறங்கிக் காட்டிய ரைமோந்தோ புக்கர் ஒரு நீரடி வேட்டைக்காரர். சிராகூசாவின் என்சோ மயோர்க்கா 1960-இல் 45 மீட்டரையும் 1988-இல் 101 மீட்டரையும் தொட்டவர். அவரும் ஈட்டியோடு தொடங்கியவரே. (பின்னொரு நாள் தான் குத்திய களவாயின் இதயத் துடிப்பைக் கையில் உணர்ந்து, ஈட்டியை அடியோடு விட்டுவிட்டார் என்பது இந்தத் தீவில் எல்லோரும் அறிந்த கதை.) அன்றைய வேட்டைக்காரர்கள் தட்டுத்தடுமாறிக் கண்டறிந்தவற்றைத்தான் இன்று வகுப்பில் ஒழுங்குபடுத்திச் சொல்லித் தருகிறார்கள். அதுமட்டுமன்றி, இத்தாலியச் சட்டப்படி சிலிண்டர் கட்டிக்கொண்டு ஈட்டி மீன்பிடிக்க முடியாது. மேலே இழுத்த ஒரு மூச்சுதான் கையிருப்பு. அதை எங்கே செலவழிக்கிறோம் என்பதில்தான் வேட்டையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

உங்கள் மூச்சு எங்கே செலவாகிறது என்று சொல்கிறேன். பயிற்சி பெறாத பெரும்பாலானவர்கள் மேற்பரப்பில் மீனைத் தேடிக் கால்களை அடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மீனைக் கண்டதும் அவசரமாக ஒரு மூச்சை இழுத்து, இடுப்பை அரைகுறையாக மடித்துத் தலைகீழாகிறார்கள். கால்துடுப்பு இன்னும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்போதே உதைக்கிறார்கள். அந்தச் சத்தம் கீழே இருக்கும் மீனுக்கு நாம் வருவதை அறிவித்துவிடுகிறது. உடல் மிதக்கும் தன்மையோடு இருக்கும் முதல் சில மீட்டர்களில்தான் உழைப்பு மிக அதிகம். அந்த இடத்திலேயே மூச்சில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு அடிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே நெஞ்சு தவிக்காமல் என்ன செய்யும்?

வகுப்பில் முதலில் இந்தத் தலைகீழாகும் அசைவைத்தான் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். இடுப்பு சரியாக மடிந்து, கால்கள் செங்குத்தாக வானை நோக்கி எழுந்தால், கால்களின் எடையே உங்களை இரண்டு மூன்று மீட்டர் கீழே தள்ளிவிடும். துடுப்பு முழுவதும் நீருக்குள் போனபிறகு முதல் உதை. பார்ப்பதற்கு அற்பமான விஷயம். ஆனால் எனக்குத் தெரிந்த வேட்டைக்காரர்களில், வகுப்புக்குப் போய்வந்த அடுத்த கோடையிலேயே அதிக மீன் கொண்டுவந்தவர்கள் இந்த ஓர் அசைவைத் திருத்திக்கொண்டவர்கள்தான்.

இன்னொன்று தலை. கீழே மீன் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இறங்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்படி இறங்கினால் தொண்டை இழுபட்டு, காதுக்குள் காற்றைச் சமப்படுத்துவது கடினமாகிறது. உடலும் வளைந்து நீரின் எதிர்ப்பு கூடுகிறது. தாடையை மார்போடு ஒட்டினாற்போல வைத்து, அடியை நெருங்கும்போது மட்டும் தலையை நிமிர்த்துங்கள். நீங்கள் அடியைத் துழாவிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மீன் அங்கேதான் இருக்கும்.

மன்னார்க்கரை எழுதியது:

ஐயா கல்லிடுக்கு சொல்வதை மறுப்பதாக எண்ணவேண்டாம். ஆனால் எங்கள் பக்கம் முத்தும் சங்கும் குளித்தவர்கள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள், கயிற்றைப் பிடித்திருப்பவர் மேலே இழுத்தார், தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடந்தது. கடலில் நின்றால் கடலே சொல்லித்தரும் என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியமான ஓர் ஐயம் உண்டு. மூச்சு முட்டுகிறது என்பது உடல் தரும் எச்சரிக்கை. குளத்தில் மாதக்கணக்காகப் பயிற்சி செய்து அந்த எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டால், கடலில் உண்மையான ஆபத்து வரும்போது அது காதில் விழாமல் போகாதா? பயிற்சி இல்லாதவன் பயந்து மேலே வந்துவிடுகிறான். பயிற்சி பெற்றவன் இன்னும் பத்து விநாடி இருக்கலாம் என்று நினைக்கிறான். மயங்கி இறந்தவர்களின் செய்திகளில் தொடக்கக்காரர்களைவிடத் தேர்ந்தவர்களையே நான் அதிகம் காண்கிறேன்.

நாடித்துடிப்பு எழுதியது:

நான் மருத்துவர், மூச்சடக்கிச் சுழியோடுவது என் பொழுதுபோக்கு. மன்னார்க்கரை எழுப்பிய ஐயம் மிகச் சரியானது. பல வகுப்புகளில் இதற்குப் போதிய நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது பெரும்பாலும் உடலில் சேரும் காபனீரொட்சைட்டு. ஒட்சிசன் குறைவதை உடல் அவ்வளவு தெளிவாக உணர்த்துவதில்லை. உப்புக்காற்று அடியில் உணரும் தவிப்பு, அவரிடம் ஒட்சிசன் தீர்ந்துவிட்டதற்கான அடையாளம் அன்று. காபனீரொட்சைட்டு அவருக்குப் பழக்கமில்லாத அளவைத் தொட்டுவிட்டது என்பதே அதன் பொருள். ஆகவே பயிற்சியால் அந்தத் தவிப்பைப் பதறாமல் ஏற்கப் பழகுவதில் நியாயம் இருக்கிறது. பதற்றம்தான் இதயத்தை விரைவாக்கி, இருக்கும் ஒட்சிசனையும் வீணாக்குகிறது.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. இறங்குவதற்குமுன் ஆழமாகவும் வேகமாகவும் பலமுறை மூச்சு வாங்கினால் நேரம் கூடுகிறது என்று பலர் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான மனிதரின் இரத்தம் ஏற்கனவே 97, 98 விழுக்காடு ஒட்சிசனால் நிறைந்திருக்கிறது. அதில் மேலும் ஏற்ற இடமில்லை. வேக மூச்சு செய்வதெல்லாம் காபனீரொட்சைட்டை வெளியேற்றி, எச்சரிக்கையைத் தாமதப்படுத்துவதுதான். கடலே சொல்லித்தரும் என்று விட்டுவிட்டால் கடல் இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறது. தவறு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இனி ஆழத்தின் கணக்கு. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல மூன்று மடங்கு. அங்கே நுரையீரல் காற்றில் ஒட்சிசனின் பங்கு 5 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும் அதன் பகுதியழுத்தம், அதாவது அந்தக் காற்றில் ஒட்சிசன் மட்டும் தரும் அழுத்தம், 0.15 பார் இருக்கும். மூளைக்கு அது போதுமானது, சுழியோடியும் தெளிவாகவே இருப்பார். 10 மீட்டருக்கு வரும்போது அது 0.10 ஆகிறது. மேற்பரப்பில் 0.05, அதாவது நினைவு தப்பும் எல்லைக்கு மிக அருகில். வரும் வழியில் கால்கள் செலவழிக்கும் ஒட்சிசனையும் கழித்துக்கொள்ளுங்கள். நினைவு தப்புவது பெரும்பாலும் கடைசிப் பத்து மீட்டரிலோ, தலை வெளியே வந்தபின்போ நிகழ்வதற்குக் காரணம் இதுவே. கீழே நன்றாக இருந்தேனே என்ற உணர்வுக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை.

ஆகவே, தவிப்பைப் பொறுக்கக் கற்பிக்கும் வகுப்பு, எத்தனை விநாடியில் மேலே திரும்பவேண்டும் என்ற எல்லையைக் கைக்கடிகாரத்தில் வைத்து, அதை மீறாதிருக்கவும் கற்பிக்கவேண்டும். இரண்டாவதைக் கற்பிக்காத வகுப்பு மன்னார்க்கரை அஞ்சும் விளைவையே தரும். மரபாகக் குளிப்பவர்களைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம்: தென்கிழக்காசியாவில் ஈட்டியுடன் மூழ்கியே வாழ்ந்துவரும் பஜாவு மக்களின் மண்ணீரல் (மூழ்கும்போது சுருங்கி, ஒட்சிசன் சுமக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்க்கும் உறுப்பு), அருகில் வாழும் கரைவாசிகளுடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது, அவர்களுள் சுழியோடாதவர்களிடமும் அது பெரிதாகவே இருந்தது. அந்த உடலமைப்பு பல நூறு ஆண்டுகளில் வந்தது. பலெர்மோவில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் கடலுக்குப் போகிறவர் அந்தக் கணக்கை நம்பி இறங்க முடியாது.

உப்புக்காற்று எழுதியது:

டொக்டருக்கு நன்றி. வேக மூச்சு பற்றி நீங்கள் எழுதியது என்னைத் திடுக்கிடவைத்தது, ஏனெனில் துறைமுகத்தில் அதைத்தான் நல்ல உத்தி என்று சொல்லித் தருகிறார்கள்.

மூன்று கேள்விகள். வீட்டில் செய்யக்கூடிய மூச்சடக்க அட்டவணைகள் பயன்படுமா? அவற்றைக் குளியல் தொட்டியில் செய்தால் உடல் நீருக்குப் பழகும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? காதைச் சமப்படுத்துவதில் எனக்கு 10 மீட்டருக்குக் கீழே சிக்கல் வருகிறது. அதற்கு மருந்து ஏதும் உண்டா?

நாடித்துடிப்பு எழுதியது:

குளியல் தொட்டியில் ஒருபோதும் வேண்டாம். துணையின்றி எந்தத் தண்ணீரிலும் மூச்சடக்கக் கூடாது. அது முழங்கால் அளவு நீராக இருந்தாலும் சரி. கட்டிலில் படுத்துக்கொண்டு செய்யுங்கள். மயக்கம் வந்தாலும் உடல் தானாக மூச்சை எடுத்துக்கொள்ளும்.

அட்டவணைகள் இரண்டு வகை. மூச்சடக்கும் நேரத்தை மாற்றாமல் இடையிலுள்ள ஓய்வைப் படிப்படியாகக் குறைப்பது ஒன்று. அது காபனீரொட்சைட்டைத் தாங்கும் திறனை வளர்க்கிறது. ஓய்வை மாற்றாமல் அடக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது மற்றொன்று. வேட்டைக்காரருக்கு முதலாவதே போதும், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், உங்கள் உச்ச நேரத்தின் பாதி அளவில். இரண்டாவது உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

காதுக்கு மருந்து தேடவேண்டாம். மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து ஊதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தலைகீழாக இருக்கும்போது, நுரையீரல் அழுத்தத்தில் சுருங்கிய நிலையில், அந்த முறை ஏறத்தாழ நீங்கள் சொல்லும் ஆழத்தில்தான் பலருக்குக் கைவிடுகிறது. தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியை ஓர் அமுக்கியைப்போலப் பயன்படுத்தி வாயிலுள்ள காற்றை மட்டும் மேலே தள்ளும் ஃபிரென்சல் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கரையில் கண்ணாடி முன் நின்றே பழகலாம். வயிறு அசையாமல் மூக்கின் பக்கங்கள் மட்டும் புடைத்தால் சரியாகச் செய்கிறீர்கள். வலி தொடங்கிய பின் சமப்படுத்த முயலாதீர்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் முன்கூட்டியே செய்யுங்கள். அன்றைக்குச் சளி இருந்தால் இறங்காதீர்கள்.

கல்லிடுக்கு எழுதியது:

ஃபிரென்சல் பற்றி டொக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு கையில் துப்பாக்கி இருப்பதால் மூக்கைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். நெஞ்சால் ஊதுகிறவர் அந்தக் கையை முகத்திலிருந்து எடுக்கவே முடியாது. ஃபிரென்சல் பழகியவருக்கு ஒரு நொடித் தொடுதல் போதும். உடல் அசைவு குறைகிறது.

இனி உங்கள் தெந்திச்சேக்கு வருவோம். அது விரட்டிப் பிடிக்கும் மீன் அல்ல. அதைத் தேடிப் போனால் ஒருநாளும் கிட்டாது. இங்கே அஸ்பெத்தோ என்று சொல்லும் காத்திருப்பு முறையில், பாறை விளிம்பின் மேல்பக்கத்தில் சத்தமின்றிப் படுத்து, உடல் முழுவதும் பாறைக்குப் பின்னால் மறைந்து, நீரடிக் கண்ணாடியின் மேல்விளிம்பும் துப்பாக்கி முனையும் மட்டும் வெளியே தெரியும்படி கிடக்கவேண்டும். இடது கையால் ஒரு கல்லைப் பற்றிக்கொள்ளுங்கள், கால்துடுப்பு ஆடக்கூடாது. முன்னால் கூட்டமாக மிதக்கும் கஸ்தஞ்ஞோலே என்ற கருநிறச் சிறுமீன்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். அவை திடீரென நெருக்கி அடுக்கிக்கொண்டு பாறையை நோக்கித் தாழ்ந்தால், பெரியது ஏதோ வருகிறது என்று பொருள். இப்போது தலையைத் தூக்காதீர்கள். தெந்திச்சே நேராக வராது; பக்கவாட்டில் தோன்றி, விலகி, மறுபடி சற்று நெருங்கிப் பார்க்கும். அந்த இரண்டாவது சுற்றில்தான் அது சுடும் தூரத்துக்கு வருகிறது. அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தால் அந்தச் சுற்றும் வராது.

இதில் பயிற்சியின் பங்கு என்ன? அந்த இரண்டாவது சுற்று தொடங்க, நீங்கள் படுத்துக் குறைந்தது முப்பது நாற்பது விநாடி ஆகலாம். அதுவரை உதரவிதானம் துடிக்கத் தொடங்காமல் இருக்கவேண்டும். துடித்தால் உடல் குலுங்கும், அதை மீன் உணர்ந்துவிடும். குளத்தில் முகம் கவிழ்ந்து, தோள், தாடை, கெண்டைக்கால் என்று ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்லித் தரும் அந்த அலுப்பூட்டும் பாடம் இங்கேதான் பலன் தருகிறது. 12 மீட்டரில் இப்படிக் கிடக்கத் தெரிந்தவர், 22 மீட்டருக்கு ஓடிப்போய் ஓடிவருகிறவரைவிட அதிகம் பிடிக்கிறார். ஆழத்தைப் பெருக்கவே வகுப்புக்குப் போகிறேன் என்ற எண்ணம் இருந்தால் அதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

உடல் மிதக்காமல் இறங்கக் கட்டும் ஈய எடையைப் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை. ஆனால் வகுப்பில் சொல்லித் தருவதும் நம் வேட்டைக்குத் தேவையானதும் முட்டிக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். ஆழம் பழகுகிறவர் ஏறத்தாழ 10 மீட்டரில் மிதக்காமலும் தாழாமலும் நிற்கும்படி ஈயம் கட்டுகிறார். 5, 6 மீட்டரில் அலையடிக்கும் பாறைமேல் படுக்கவேண்டிய வேட்டைக்காரர் அந்த எடையில் தக்கைபோல எழும்பிவிடுவார்; எனவே முதுகுப்பட்டியிலும் கணுக்காலிலுமாகக் கூடுதல் ஈயம் சேர்க்கிறோம். அவ்வாறு சேர்த்த நாளில் ஆழமான பக்கத்துக்குப் போகவே கூடாது. சரிவு கீழே இறங்கிக்கொண்டே போகும் இடங்களில் இந்த விதியை மீறத் தூண்டுதல் வரும்.

நாடித்துடிப்பு எழுதியது:

ஈயத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கட்டும். மேற்பரப்பில் செங்குத்தாக நின்று, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின்னும் தலை நீருக்கு மேலே நிற்கவேண்டும். நினைவு தப்பியவர் மூச்சை இழந்த நிலையில் மிதப்பாரா, மூழ்குவாரா என்பதை இது முடிவு செய்கிறது. முதுகுப்பட்டியை ஆபத்தில் கழற்றுவது எளிதல்ல. ஆகவே கூடுதல் எடை எதுவானாலும் ஓர் இழுப்பில் விழும் இடுப்புப் பட்டியில் இருப்பதே நல்லது. கல்லிடுக்கு ஐயா இதை ஏற்கமாட்டார் என்று தெரியும்.

கல்லிடுக்கு எழுதியது:

முழு எடையும் இடுப்பில் இருந்தால் நாள் முடிவில் நாரி ஒடிந்துவிடுகிறது, டொக்டர். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

தெற்குக்கடல் எழுதியது:

சிட்னியிலிருந்து எழுதுகிறேன். நியூ சவுத் வேல்ஸிலும் சிலிண்டருடன் ஈட்டி மீன்பிடிக்க அனுமதி இல்லை, ஸ்நோர்க்கல் என்ற மூச்சுக்குழாயும் மூச்சும் மட்டுமே. ஆகவே இந்த உரையாடல் எங்கள் கரைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதுவரை எல்லோரும் தனியாள் மூச்சைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் நான் கற்றவற்றுள் மிகப் பெரியது துணையோடு வேட்டையாடுவது: ஒருவர் கீழே, ஒருவர் மேலே, இருவருக்கும் சேர்த்து ஒரு துப்பாக்கி. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவர் வெளியே வந்தபின்னும் அரை நிமிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஏனெனில் மூச்சு இழுத்த பிறகும் புதிய ஒட்சிசன் மூளையை அடையச் சில விநாடிகள் ஆகின்றன. உதடு நீலமாகியிருக்கிறதா, தலை ஆடுகிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா என்று பார்க்கிறோம். நினைவு தப்பினால் செய்யவேண்டியது எளிமையானது: முகத்தை நீருக்கு வெளியே வைத்து, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லி மூச்சுவிடச் சொல்லி, கண்ணோரம் ஊதினால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடுகிறது. இல்லையென்றால் செயற்கை மூச்சு. தனியாக இருப்பவருக்கு இதில் எதைச் செய்ய யார் இருக்கிறார்?

இதனால் வேட்டை நேரம் பாதியாகிவிடும் என்று புதியவர்கள் குறைப்படுவார்கள். கணக்குப் பார்த்தால் அது சரியல்ல. கீழே இருந்த நேரத்தைப்போல இரு மடங்காவது மேலே ஓய்ந்திருக்கவேண்டும் என்பது விதி. நான் ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில் துணைவர் இறங்கி ஏறிவிடுகிறார். ஒழுங்காக ஓய்வு எடுக்கிறவருக்குத் துணைவரால் எந்த இழப்பும் இல்லை. ஓய்வைத் திருடுகிறவருக்குத்தான் துணைவர் தடையாகத் தெரிகிறார்.

கல்லிடுக்கு எழுதியது:

தெற்குக்கடல் சொல்வது பாதுகாப்பின் பக்கம் நின்று பார்த்தால் மறுக்க முடியாதது. ஆனால் சிசிலியில் கரையோரம் வேட்டையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் தனியாகவே போகிறார்கள் என்பதும் உண்மை. அஸ்பெத்தோவில் மேலே இன்னொருவரின் நிழல் ஆடினால் தெந்திச்சே ஒதுங்கிவிடும் என்பது அவர்களின் வாதம். எனக்கும் அதில் ஓரளவு நம்பிக்கை உண்டு.

தெற்குக்கடல் எழுதியது:

அண்ணா, நிழல் ஆடினால்தான் மீன் ஒதுங்கும். மேலே இருப்பவர் சுழியோடிக்கு நேர் மேலே நிற்காமல், பின்புறம் சற்று விலகி, கைகால் அசைக்காமல் மிதந்தால் மீன் அவரைப் பொருட்படுத்துவதில்லை. அசையாமல் மிதப்பதும் பயிற்சியில் வருவதுதான். உங்கள் வட்டாரத்து வேட்டைக்காரர்கள் மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்களே, அது மீனை விரட்டுவதில்லையா?

மன்னார்க்கரை எழுதியது:

கயிற்றைப் பிடித்திருப்பவர் இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் முத்துக்குளிக்க இறங்கியதில்லை என்பதை நானே மேலே எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் நான் தெற்குக்கடல் பக்கம். எச்சரிக்கை உணர்வு பற்றி டொக்டர் சொன்ன விளக்கத்தையும் ஏற்கிறேன். ஆனால் கைக்கடிகாரத்தில் எல்லை வைப்பது மீன் எதிரே இல்லாதபோதுதான் எளிது. பெரிய களவாய் ஈட்டியோடு பொந்துக்குள் புகுந்துவிட்டால் யார் கடிகாரத்தைப் பார்ப்பார்?

நாடித்துடிப்பு எழுதியது:

அந்தக் கேள்விக்காகவே இந்த இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். குளத்தில் நான்கு நிமிடம் மூச்சடக்குகிறவர்கூட வேட்டையில் ஒன்றரை நிமிடத்துக்குள் திரும்பவேண்டியிருப்பதற்குக் காரணம் அதுதான். குளத்தில் படுத்திருக்கும் உடலும், மீனைக் கண்டு கிளர்ந்து, பொந்துக்குள் கையை விட்டு இழுக்கும் உடலும் ஒரே அளவில் ஒட்சிசனைச் செலவழிப்பதில்லை. எனவே எல்லையைக் குளத்து நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. பொந்துக்குள் போன களவாயை அதே மூச்சில் எடுக்க முயல்வதில்லை என்பதை இறங்குமுன்னரே முடிவு செய்துவிடவேண்டும். துப்பாக்கியில் நூல் சுருள் பொருத்தியிருப்பது இதற்காகவே: நூலை விட்டுக்கொடுத்து மேலே வாருங்கள்; தேவையானால் துப்பாக்கியையே கீழே விட்டுவிட்டு வாருங்கள். மீன் எங்கும் போகாது. நன்றாக ஓய்ந்தபின் அடுத்த மூச்சில் டார்ச்சுடன் போய்ப் பாருங்கள்.

ஓய்வைப் பற்றியும் ஒரு சொல். இரு மடங்கு என்பது ஆழம் குறைந்த இடங்களுக்கான குறைந்தபட்சம். 20 மீட்டரைத் தாண்டி நாள் முழுவதும் இறங்கி ஏறுகிறவர்களுக்கு, ஆழத்தை ஐந்தால் வகுத்து வரும் நிமிடங்களை ஓய்வாகக் கொள்ளும் விதி கற்பிக்கப்படுகிறது. 30 மீட்டருக்கு 6 நிமிடம். சிலிண்டர் இல்லாதவருக்கு நைதரசன் நோய் (மேலே வரும்போது உடலில் நைதரசன் குமிழாவதால் வருவது) வராது என்ற நம்பிக்கை பொய். பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளில் மிகக் குறைந்த ஓய்வோடு மணிக்கணக்கில் ஆழமாக முத்துக்குளித்தவர்களுக்குத் தலைசுற்றலும் கைகால் முடக்கமும் வந்ததை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். மத்தியதரைக்கடலில் நீரடி ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு ஆழத்தில் வேட்டையாடுகிறவர்களிடமும் மூளையைத் தாக்கும் அதே நோயைக் காண்கிறார்கள்.

மேலே வந்ததும் மூச்சு வாங்கும் முறையையும் வகுப்பில் கவனியுங்கள். ஸ்நோர்க்கலைக் கடித்துக்கொண்டே இறங்கி, மேலே வந்ததும் அதிலுள்ள நீரைப் பலமாக ஊதி வெளியேற்றுவது பழைய வேட்டைக்காரர்களின் வழக்கம். ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் நொடியில் நெஞ்சைக் காலி செய்வது கெடுதலான வேலை. இறங்கும்போதே ஸ்நோர்க்கலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் பாதி மூச்சை மெல்ல விட்டு, விரைவாக இழுத்து, ஒரு விநாடி நிறுத்தி, மறுபடி அவ்வாறே சில தடவை செய்யுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். என்னோடு கரையில் இறங்கும் நண்பரும் சேர்கிறார்; ஒரு துப்பாக்கியை இருவர் பகிர்ந்துகொள்வதற்கு அவரைச் சம்மதிக்கவைப்பதுதான் கட்டணத்தைவிடக் கடினமாக இருந்தது. மே மாதக் கடல் பயிற்சிக்குத் துப்பாக்கியையும் கொண்டுபோகலாமா?

கல்லிடுக்கு எழுதியது:

வேண்டாம், தம்பி. பயிற்சி நாளில் கயிறும் மிதவையும் மட்டும். கையில் துப்பாக்கி இருந்தால் கண் மீனைத் தேடும், தாடை நிமிரும், கற்றது அத்தனையும் போய்விடும். வகுப்பு முடிந்தபின் முதல் சில தடவை, துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி, ஆனால் ரப்பரை இழுக்காமல், 8 மீட்டரில் அஸ்பெத்தோ மட்டும் பழகுங்கள். தெந்திச்சே இரண்டாவது சுற்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்த வாரம் ரப்பரை இழுக்கலாம்.

நண்பருக்கும் சட்டத்தை ஒருமுறை நினைவூட்டுங்கள்: நீருக்குள் இறங்கிய பிறகே துப்பாக்கியை இழுத்துப் பூட்டலாம், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை வேட்டை இல்லை, குளிப்பவர்கள் கூடும் கடற்கரைக்கு 500 மீட்டருக்குள் வேட்டை இல்லை, வெள்ளைக் குறுக்குக்கோடு போட்ட சிவப்புக் கொடியுடன் மிதவை வேண்டும், அதிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் போகக்கூடாது, ஒரு நாளில் மொத்தம் 5 கிலோ, களவாய் என்றால் ஒன்றே ஒன்று. காப்போ காலோ பக்கம் கடல் பாதுகாப்புப் பகுதி. அங்கே ஈட்டியோடு இறங்கவே வேண்டாம்.

மே மாதத்தில் தண்ணீர் இன்னும் குளிராகவே இருக்கும். 5 மில்லிமீட்டர் ஆடை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அணியும் மெல்லிய ஆடைக்குக் கட்டிய ஈயம் அதற்குப் போதாது. ஆகஸ்டில் ஆடையை மாற்றும்போது கூட்டிய ஈயத்தைக் கழற்ற மறந்துவிடாதீர்கள். டொக்டர் சொன்ன அந்த மூச்சுவிட்டு மிதக்கும் சோதனையை ஆடை மாறும் ஒவ்வொரு முறையும் கரையோரத்திலேயே செய்துபார்த்துவிட்டு இறங்குங்கள்.